மெம்பர் ரெட்டியாருக்கு நான் எழுதிய பென்ஷன்

சட்டசபை மெம்பர்களுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்த வாரத்தில், திருத்தணி தாலுகா ஆபீசில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளைஞர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினார். "சார், உங்க காலத்துல இந்த மாதிரி பேச்சு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அதற்கு நிபந்தனைகள் எழுதியவனே நான்தான் என்றும் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுவதையும் சொல்லியிருந்தால் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று சிரித்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் மதிப்பில் இனிமேல் குறைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் வேலை செய்த குடும்பம் என்னுடையது. எங்கள் வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் நான். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கும் சப்ளை இலாகாவுக்கும் ஆட்கள் போய்விட்டதால் ஆபீஸ்களில் குமாஸ்தாக்களுக்குப் பஞ்சம். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. என் அறிவுக்காகக் கிடைத்தது என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் நகல் எடுத்தேன், பிறகு தபால் பதிந்தேன், பிறகு சொந்தமாக வரைவு எழுத அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஊரில் நடக்கும்போதுகூட நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். என் மனைவி அதைக் கழுத்து வலி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சினாள்.

அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் தாசில்தார் சேஷகிரி ராவ். ஒல்லியானவர், மெல்லப் பேசுவார், யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவரிடம் வரைவு கொண்டுபோகும் முறையைச் சொல்ல வேண்டும். முழுத்தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, வலது பாதியில் நான் எழுதவேண்டும். இடது பாதி அவருக்கு. தாளை வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாய்விட்டு மெதுவாகப் படிப்பார். எங்காவது ஒரு வார்த்தையில் விரல் நிற்கும். "முனுசாமி, இவர் எதுக்கு வந்திருக்கார்?" என்று கேட்பார். வார்த்தைகளை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் குறிப்பிடுவார். நான் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார். காரணம் இல்லாவிட்டால், "பாவம், வெயில்ல நிக்கறார், அனுப்பிவைச்சிடலாம்" என்று ஒரு கோடு போடுவார். நான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனால் நாலு வரி மிஞ்சும். அந்த நாலு வரியும் என்னுடையவைதான் என்று நான் ஆறுதல் அடைவேன்.

யுத்தம் முடிந்து, மாகாணத்தில் மறுபடி சட்டசபை கூடிய சமயம். பழைய கவுன்சில்களில் மெம்பர்களாக இருந்து, பிறகு நொடித்துப்போனவர்களுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாமா என்று மேலே யாரோ யோசனை கிளப்பியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் யாராவது உங்கள் தாலுகாவில் உண்டா, அவர்கள் நிலைமை என்ன, கொடுப்பதானால் என்ன நிபந்தனைகள் வைக்கலாம் என்று சித்தூரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள்.

தாசில்தார் அதை இரண்டு தடவை படித்தார். "நம்மகிட்ட அறிக்கை கேட்பாங்க, புள்ளிவிவரம் கேட்பாங்க. யோசனை கேட்டு இதுதான் முதல் தடவை. முனுசாமி, நீயே எழுது" என்றார்.

மாகாணம் முழுவதற்கும் சட்டம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன். நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நஞ்சை நிலம் இருக்கக்கூடாது. சம்பாதிக்கும் பிள்ளை இருக்கக்கூடாது. வாடகை வரும் கட்டடம் இருக்கக்கூடாது. எழுத எழுத, எதுவுமே இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. கடைசியில் விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட ஒரு வாக்குமூலம் வைத்தேன்: 'நான் நிர்க்கதியான நிலையில் உள்ளேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

நிர்க்கதி என்ற வார்த்தை எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆங்கிலத் தாளில் இருந்ததற்கு அதைவிடக் கச்சிதமான தமிழ் கிடையாது என்று நினைத்தேன். தாசில்தாரின் விரல் அங்கே வந்து நின்றது.

"இவர் எதுக்கு வந்திருக்கார்?"

நான் நீளமாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இருக்கட்டும். ரெட்டியார் என்ன சொல்றார்னு பார்த்துட்டு வா" என்றார். என் வார்த்தை ஒன்று அவர் கையிலிருந்து உயிரோடு தப்பியது அதுவே முதல் தடவை. அன்று சாயங்காலம் மலையேறிப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன்.

ரெட்டியார் என்றது கோதண்ட ரெட்டியாரை. எங்கள் தாலுகாவில் மாஜி மெம்பர் அவர் ஒருவர்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் நல்ல கழனி வைத்திருந்த குடும்பம். முந்தைய கவுன்சிலில் மெம்பராக இருந்தார். மனு எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார், மெட்ராஸ் போக ரயில் செலவும் கொடுத்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். ஆனால் மனுக்காரர்கள் வருவது நிற்கவில்லை. கழனிகள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவியோடு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஊரில் எல்லோரும் அவரை மெம்பர் ரெட்டியார் என்றுதான் சொல்வார்கள்.

நான் போனது ஆடிக் கிருத்திகை சமயம். அந்த வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் காவடிகள் சாய்த்து வைத்திருந்தன. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ரெட்டியார் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுடன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். உட்கார வேறு நாற்காலி இல்லை. "இவங்கெல்லாம் நம்ப ஜில்லா ஜனங்க. பார்த்துட்டுப் போலாம்னு வந்துகினே இருப்பாங்க. இன்னா பண்றது, பழகிட்டாங்க."

அந்த நேரம் அவர் மனைவி மங்கம்மா கையில் கரண்டியோடு சமையல் கட்டிலிருந்து வந்தார். வாட்டசாட்டமான அம்மாள், குரலும் அதற்கேற்றபடி. என்னைக் கவனிக்காமல், "கூடத்துல படுத்தவங்க எட்டணா, தாழ்வாரத்துல படுத்தவங்க நாலணா. வெந்நி வேணும்னா தனி" என்று கணீரென்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரெட்டியார் விட்டத்தைப் பார்த்தார். "தருமத்துக்குத்தான். உண்டியல் மாதிரி" என்றார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சர்க்கார் தம்மை நினைவில் வைத்திருக்கிறது என்பதில் வந்த சந்தோஷம் அது. பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வாக்குமூலத் தாளை வாங்கி, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"நிர்க்கதின்னா இன்னா தம்பி?"

நான் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினேன். "நிர் என்றால் இல்லாதது. கதி என்றால் போக்கிடம், புகலிடம்..."

"எனக்கு அர்த்தம் தெரியும். எழுதனவருக்குத் தெரியுமான்னு கேட்டேன்." குரல் உயரவில்லை. சமையல் கட்டின் பக்கம் கை காட்டினார். "கதி இல்லாதவன்னு நான் கையெழுத்துப் போட்டா, அதோ உள்ள நிக்கிறாளே, அவ யாருன்னு எழுதறது? கழனி போச்சு, வண்டிமாடு போச்சு, ஒத்துக்கறேன். அதெல்லாம் எழுதுங்க. இத்த எழுத மாட்டேன்."

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் எழுந்தேன். மங்கம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சாப்பிடாத யாரும் இந்த ஊட்லேர்ந்து போனதில்ல, நைனா. உக்காரு" என்றார். சாம்பார், கத்தரிக்காய், மோர். நான் திருப்தியாகவே சாப்பிட்டேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். ஆனால் கவனித்ததிலிருந்து எதையும் ஊகிக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஆபீசுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். 'மாஜி மெம்பர் செல்வாக்கோடு இருக்கிறார். அவர் வீட்டில் தினமும் பலர் தங்கிச் சாப்பிடுகிறார்கள். அடியேனுக்கும் சாப்பாடு போடப்பட்டது. ஆகையால் அவர் நிலைமை மோசம் என்று சொல்வதற்கில்லை.'

தாசில்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். விரல் நின்றது. "முனுசாமி, இந்தச் சாப்பாடு எதுக்கு வந்திருக்கார்?"

"சாட்சியம் சார்."

அவர் கண்ணாடியை இறக்கினார். பிறகு தாளைத் தம் மேஜை இழுப்பறையில் வைத்தார். "ரெண்டு நாள் தூங்கட்டும்" என்றார்.

அது தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் மங்கம்மா ஆபீசுக்கு வந்தார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் தாலுகா ஆபீஸ் படி ஏறுவது அபூர்வம். டவாலி சேவகர் எழுந்து நின்றுவிட்டார். அம்மாள் நேராகத் தாசில்தாரின் மேஜைக்கு எதிரே போய் நின்றார்.

"ரெட்டியாரு கையெழுத்துப் போட மாட்டாருங்க. நான் போடறேன். எனக்குக் கையெழுத்து வராது, ரேகை வைக்கிறேன்."

தாசில்தார் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அம்மாள் உட்காரவில்லை.

"அம்மா, மெம்பரா இருந்தது அவர்தானே" என்றார் தாசில்தார்.

"ஆங், மெட்ராஸ்ல போய் உக்காந்துகினு இருந்தது அவருதான். வருஷத்துல எத்தினி நாளு உக்காந்திருப்பாரு? மீதி நாளெல்லாம் இங்க வந்த ஜனங்களுக்கு யாரு பதில் சொன்னது? கிணத்துச் சண்ட, வரப்புச் சண்ட, புருஷன் செத்தவ நெலத்தப் பங்காளி பிடுங்கிக்கினான், எல்லாத்தையும் மொதல்ல கேட்டது நான். கேட்டு, சோறு போட்டு, அழுகைய நிறுத்தி, அப்பறம்தான் அவருகிட்ட அனுப்புவேன். அவரு அத்த இங்கிலீசுல சொல்லிட்டு வருவாரு. கழனி வித்த பணம் எங்க போச்சுன்னு ஊர்ல பேசறாங்க. எங்கயும் போகலீங்க. உலையில போச்சு."



"இப்ப என்ன அவசரம்மா?" என்றார் தாசில்தார்.

"ஊட்டுச் சொந்தக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாருங்க. காவடிக்காரங்களுக்கு நான் எடம் விடறதப் பாத்தாரு, இது நல்லா இருக்குதேன்னு தானே சத்திரம் நடத்தப் போறாராம். தை மாசம் வரைக்கும் கெடு. அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல."

அவருக்கு என்றது ரெட்டியாருக்கு. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நிபந்தனைகள் எழுதியவன் அல்லவா. "அம்மா, விதிகளில் மனைவிக்கு இடமில்லையே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த விதிய யாரு எழுதனது, நைனா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன்.

"அப்போ எழுது."

தாசில்தார் அப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பை அடக்கினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, அம்மாள் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

திருத்தணி மாதிரி ஊரில் ஒரு பெண்பிள்ளை தாலுகா ஆபீசுக்குப் போய்வந்தது சாயங்காலத்துக்குள் மலை மேல் வரைக்கும் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் ரெட்டியாரே வந்தார். அதே கோட்டு, தலைப்பாகை. நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"என் வீட்டார் நேத்து இங்க பேசினது என் சம்மதம் இல்லாத பேச்சு. அத்த வாபஸ் வாங்க வந்தேன்" என்றார்.

தாசில்தார் அவரை உட்காரச் சொன்னார். ரெட்டியார் உட்கார்ந்தார், உடனே எழுந்துவிட்டார். "மன்னிக்கணும். உக்காந்துகினு எனக்குப் பேச வராது. பழக்கம்." நிபந்தனைகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கினார். தாசில்தார் தமது நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளை மேஜைமேல் கோத்துக்கொண்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரும், மற்ற இரண்டு குமாஸ்தாக்களும், சேவகரும், நானும் வேலையை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தோம்.

"தலைவரவர்களே" என்று தொடங்கினார் ரெட்டியார். தாசில்தார் லேசாகத் தலை வணங்கினார்.

"இந்த யோசனையே தப்புன்னு நான் சொல்றேன். மெம்பர் வேல கூலி வேல இல்ல. வந்தவன் சொன்னத்த எடுத்துகினு போய் அங்க சொல்றதுதான் அது. நந்தி ஆத்துல பாலம் வேணும்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் கேட்டேன். கவனிக்கப்படும்னு சொன்னாங்க. பாலம் வரல. கேட்ட ஆளுதான் தேஞ்சு பூட்டான். வராத பாலத்துக்குக் கூலி கேக்கறது எனக்கு வெக்கமா இருக்குது."

தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார்.

"என் வீட்டார் சொன்னாங்களாம், வந்தவங்க சொன்னத்த மொதல்ல கேட்டது நானுன்னு. அது..." தவறு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது வாஸ்தவந்தான். மறுக்க முடியல. ஆத்துல வெள்ளம் வந்தா அக்கரை ஜனம் சந்தைக்கு வர முடியாம பட்டினி கெடக்குதுன்னு எனக்குச் சொன்னதே அவதான். நான் அங்க எழுந்து பேசினதுல பாதி அவ சொன்னது. பத்திரிகையில என் பேரப் போட்டாங்க. நானும் வெட்டி வச்சிகினேன்."

பேசிக்கொண்டே போய் அவர் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார். அப்படி ஒன்றை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பேசுகிறவன் கடைசிவரை தன் பக்கமே நிற்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் அப்படித்தான் நிற்பேன்.

"ஆகவே ரெண்டு திருத்தம் கொண்டாரேன்" என்றார். "ஒண்ணு, நிர்க்கதிங்கற வார்த்தைய எடுத்துடணும். ரெண்டு, மாஜி மெம்பருக்குங்கற எடத்துல, மாஜி மெம்பருக்கும் அவரைத் தாங்கினவருக்கும்னு இருக்கணும்."

"திருத்தத்தை ஆதரிப்பவர்கள்?" என்றார் தாசில்தார், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

இன்ஸ்பெக்டர் கை தூக்கினார். குமாஸ்தாக்கள் இருவரும் தூக்கினார்கள். சேவகர், தாம் தூக்கலாமா என்று சைகையால் கேட்டு, அனுமதி கிடைத்ததும் தூக்கினார்.

"எதிர்ப்பவர்கள்?"

நான் கை தூக்கினேன்.

ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அந்த அம்மாளுக்குக் கிடைக்கக்கூடாது என்று எனக்கு ஒன்றும் இல்லை. அவர் போட்ட சோறு என் வயிற்றில் இருந்தது. ஆனால் என் நிர்க்கதி போகிறாரே என்ற துக்கம் என் கையை மேலே இழுத்துவிட்டது.

"காரணம்?" என்றார் தாசில்தார்.

"அதைவிட நல்ல வார்த்தை தமிழில் இல்லை சார்."

ரெட்டியார் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். கேலி இல்லை, நிஜமாகவே கூப்பினார். "கௌரவ அங்கத்தினரோட கருத்தும் பதிவாகட்டும்" என்றார்.

பதிவாகட்டும் என்று அவர் சொன்னதை நான் உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். திருத்திய யோசனைகளைச் சித்தூருக்கு அனுப்பும்போது, கூடவே சென்ற குறிப்பில் 'நாலுக்கு ஒன்று என்ற வாக்குகளில் திருத்தங்கள் நிறைவேறின' என்று ஒரு வரி சேர்த்தேன். தாசில்தார் அன்று முகாமுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். குறிப்பை வாய்விட்டுப் படிக்கவில்லை. அவர் படிக்காமல் போன ஒரே தாள் அதுதான்.

பதில் வர வெகுநாள் ஆகவில்லை. ஓய்வூதிய யோசனை தற்சமயம் கைவிடப்பட்டது என்று ஒரு வரி. அதன் கீழே, ஒரு தாலுகா ஆபீசில் எந்த அதிகாரத்தின் கீழ் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது, அதில் சேவகரும் வாக்களித்தது எப்படி என்று விளக்கம் கேட்டு ஒரு பக்கம்.

நான் விளக்கம் எழுதினேன். ஜனநாயகம் பற்றி, கிராமசபைகள் பற்றி, தமிழ்ச் சொல்வளம் பற்றி. மடித்த தாளின் வலது பாதி நிறைந்து, மறுபக்கமும் போய்விட்டது. தாசில்தார் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொருவராக வெயிலிலிருந்து அனுப்பிவைத்தார். கடைசியில் மிஞ்சியது இது: 'குமாஸ்தாவின் தவறு. இனி நேராது.'

"இது போதுமா சார்?" என்றேன்.

"குமாஸ்தாகூட எதுக்கு வந்திருக்கார்னு பார்த்தேன்" என்றார். "அவரையும் அனுப்பிட்டா நான்தான் நிக்கணும். அதனால இருக்கட்டும்." பிறகு கையெழுத்துப் போட்டார். என்மேல் வேறு நடவடிக்கை எதுவும் வராதபடி அவர் சித்தூரில் நேரில் போய்ப் பேசியதை வெகுகாலம் கழித்து இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

யோசனை கைவிடப்பட்ட செய்தியை ரெட்டியாரிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அதற்குள் வீட்டைக் காலி செய்யும் விஷயமும் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கோட்டு இல்லாமல், வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். "கவனிக்கப்படும்னு கூடச் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். மங்கம்மா அன்றைக்கும் எனக்குச் சாப்பாடு போட்டார். பாதி இலையிலேயே எழுந்துவிட்டேன்.

திரும்பி வந்து தாசில்தாரிடம் அங்கே பார்த்ததைச் சொன்னேன். எதையும் கூட்டாமல் நான் சொன்ன முதல் அறிக்கை அதுவாகத்தான் இருக்கும். அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலையடிவாரத்து ரேஷன் கடை காலியாத்தானே இருக்கு?" என்றார்.

அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்த காலம். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது தாசில்தார் கையில் இருந்தது. பழைய கடைக்காரர் அளவில் ஏமாற்றி லைசென்ஸை இழந்திருந்தார். கடைவீதிப் பெரிய வியாபாரி ஒருவர் அதற்கு அலைந்துகொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள், ஒரு கிணறு. கடை நடத்துகிறவர் அங்கேயே குடியிருக்கலாம்.

"ரெட்டியார் பேருக்கா சார்?"

"அந்த அம்மா பேருக்கு."

நான் என் ஆட்சேபணையைச் சொன்னேன். வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டுக் கழனியைத் தீர்த்த அம்மாளிடம் சர்க்கார் அரிசியைக் கொடுத்தால், ஒரே வாரத்தில் கடை அன்னதானச் சத்திரமாகிவிடும் என்றேன். தாசில்தார் சொன்னார், "இதுவரைக்கும் நீ இந்த விஷயத்துல என்ன சொன்னியோ, அதுக்கு எதிராத்தான் நடந்திருக்கு. அதனால எனக்குத் தைரியமா இருக்கு."

வியாபாரி சும்மா இருக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்பிள்ளைக்கு லைசென்ஸா என்று சித்தூருக்கு மனுப் போட்டார். சப்ளை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். அளந்து காட்டச் சொன்னார். மங்கம்மா படியில் அரிசியை அள்ளி, விளிம்பு மட்டத்துக்குக் கையால் வழித்துக் கொட்டினார். அதிகாரி மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதே அளவு. "எம்மாம் பேருக்கு அளந்த கைங்க இது" என்றார் அம்மாள். லைசென்ஸ் நிலைத்தது. தை பிறப்பதற்குள் இருவரும் கடைக்குப் பின்னால் குடிவந்துவிட்டார்கள்.

அன்னதானம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கடையைப் போலக் கண்டிப்பான கடையை நான் அப்புறம் பார்த்ததில்லை. சொந்தச் சோற்றை அள்ளிக் கொடுத்த அம்மாள், சர்க்கார் சர்க்கரையில் ஒரு சிட்டிகைகூட விடமாட்டார். யார் வந்தாலும் வரிசைதான். நான் ஒரு நாள் ஆபீஸ் அவசரம் என்று சொல்லி முன்னால் போகப் பார்த்தேன். "ஆபீசு பத்து மணிக்குத்தான, நைனா. பின்னால போ" என்றார். ரெட்டியார் கடை ஓரத்தில் தம் பழைய நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கோட்டு அணிந்து, வரிசையில் நிற்பவர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவார். யாராவது மனு எழுதிக்கொண்டு வந்தால் திருத்திக் கொடுப்பார். நடுநடுவே அம்மாளின் அளவைப் பற்றியும் ஏதாவது குறை சொல்லுவார். அம்மாள் பதில் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் காலை புதுக் கலெக்டர் முகாம் வந்திருந்தவர், வழியில் வரிசையைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இளைஞர், இந்தியர். தாசில்தாரும் கூட இருந்தார். வரிசையில் நான் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றுகொண்டிருந்தேன். டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கடை யாருடையது?" என்றார் கலெக்டர், நாற்காலியில் இருந்த ரெட்டியாரைப் பார்த்து.

"வீட்டாருதுங்க" என்றார் ரெட்டியார், எழுந்து நின்று. "நான் எதிர்க்கட்சி."

கலெக்டர் சிரித்தார். பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது. வரிசையில் சட்டை போட்டு, பேனா செருகி நின்றவன் நான் ஒருவன்தான். "இவர் யார்?" என்றார்.

இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனையோ நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மாஜி அங்கத்தினர்களின் ஓய்வூதியத்துக்கு நிபந்தனைகள் வகுத்தவன் என்பதிலிருந்து தொடங்கும் பதில். தொண்டையைச் செருமினேன். தாசில்தார் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவருங்களா?" என்றார் மங்கம்மா, அளக்கும் படியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கெரசினுக்கு நிக்கிறவருங்க."

"எதிர்க்கட்சியும் அத்த ஒத்துக்குதுங்க" என்றார் ரெட்டியார்.

கலெக்டர் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு முன்னால் இருந்தவர் சர்க்கரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் டின்னை முன்னால் எடுத்து நீட்டினேன்.